ஆண்ட்ரூ பந்தி

ஊரில் எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், சமைத்தவள் கடைசியில்தான் சாப்பிடுவாள். குழம்பில் மீன் மிஞ்சினால் அவள் அதிர்ஷ்டம். மிஞ்சாவிட்டால் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து வழித்துத் தின்றுவிட்டு, அதே சட்டியைக் கழுவப் போகவேண்டியதுதான். ராயபுரத்தில் ஒரே ஒரு கட்டடத்தில், வருஷத்தில் ஒரே ஒரு மத்தியானம், இது தலைகீழாக நடக்கும்.

அந்தக் கட்டடம் வில்மாட் மாணவர் இல்லம். ஸ்டேஷனிலிருந்து நடந்தால் நாலு நிமிஷம். பல்கலைக்கழகத்தில் படிக்க வெளியூரிலிருந்து ரயிலேறி வருகிற பையன்களுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. வாசலில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் பகலெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கும். மாடி ஜன்னலைத் திறந்தால் கிரேன் தலைகள் தெரியும், காசிமேட்டுக் காற்று மீன் வாசத்தோடு உள்ளே வந்து உட்காரும். ஆகஸ்ட் மாதம் முதல் சனிக்கிழமை மத்தியானம், அங்கே சமைக்கிற எல்சியும் அவள் வீட்டாரும் சாப்பாட்டுக் கூடத்தின் நடு மேசையில் உட்காருவார்கள். நூற்றுப் பதினெட்டுப் பையன்களும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களுக்குப் பரிமாறுவார்கள். எல்சி வீட்டார் கை கழுவிய பிறகுதான் மற்றவர்களுக்கு இலை விழும், வார்டன் உள்பட. இதற்குப் பெயர் ஆண்ட்ரூ பந்தி.

ஆண்ட்ரூ என்பவர் எல்சியின் புருஷன் ஹென்றியின் தாத்தா. இந்த இல்லத்துச் சமையற்கட்டில் முதலில் கரண்டி பிடித்த மீன்காரக் குப்பத்து ஆள். அவருக்குப் பின் ஹென்றியின் அம்மா, அவளுக்குப் பின் மருமகள் எல்சி. கரண்டி அப்படியே கை மாறி வந்தது. சமையற்கட்டுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு, அதுவும் கூடவே வந்தது.

வில்மாட்டில் வழக்கங்களுக்குப் பஞ்சமில்லை. புதிதாக வருகிற பையன் தன் பெட்டியைத் தானே தூக்கி மாடியேறக் கூடாது, மூத்தவன்தான் தூக்கவேண்டும். பரீட்சைக்குப் போகிறவன் முன்வாசல் வழியாகப் போகக் கூடாது. சமையற்கட்டு வழியாக வந்து, எல்சி கையால் ஒரு துண்டு வெல்லம் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு போகவேண்டும். மாடிப்படியில் ஒன்பதாவது படியை மிதிக்கக் கூடாது, மிதித்தவன் அரியர் வைப்பான். ஏன், எதற்கு என்று எவனுக்கும் தெரியாது. நாத்திகம் பேசுகிற பையன்கூட அந்தப் படியைத் தாண்டித்தான் போவான், பாவம், அவனுக்கும் பாஸாகவேண்டுமே.

எல்சிக்கு அப்படியில்லை. அவளுக்கு ஏன் என்று தெரிந்தாகவேண்டும். கல்யாணமாகி வந்த வருஷமே முதல் பந்தியில் உட்கார்ந்து, படித்த பிள்ளைகள் தனக்குக் குனிந்து சோறு போடுவதைப் பார்த்து, மாமியாரைக் கேட்டாள், "இன்னாத்துக்கு அத்த நமக்கு இத்தினி மரியாத?" மாமியார், "துன்னும்போது பேசாத" என்றாள். அதற்கப்புறம் இருபத்தாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது ஆண்ட்ரூ மட்டும் ஓடாமல் நின்று மிச்சமிருந்த மாணவர்களுக்குக் கஞ்சி காய்ச்சினார் என்பது ஹென்றியின் கதை. இல்லத்துக்குப் பெயர் கொடுத்த வில்மாட் துரையின் குழந்தையைக் கடலலை இழுத்துக்கொண்டு போக, ஆண்ட்ரூ நீந்திப் போய்த் தூக்கி வந்தார் என்பது காய் நறுக்குகிற அஜீசுன்னிசாவின் கதை. அவளுக்கு யார் சொன்னது என்று கேட்டால், "எல்லாரும் சொல்றது தான்க்கா" என்பாள். வில்மாட் துரைக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று ஒரு வார்டன் சொன்ன பிறகும் அவள் குழந்தையை விடவில்லை.

இந்த வருஷம் இல்லத்துக்கு நூறு வயது. துணைவேந்தரே பந்திக்கு வருகிறார். நூற்றாண்டு மலர் போடுகிறார்கள், அதில் ஆண்ட்ரூவைப் பற்றி ஒரு பக்கம். இதைக் கேட்டதிலிருந்து ஹென்றிக்குக் கால் தரையில் பாவவில்லை. துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டி, முட்டி தேய்ந்து ரிட்டயர் ஆனவன். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அந்தப் பக்கம் போகிற நாய்கூட அவனைத் திரும்பிப் பார்க்காது. வருஷத்தில் அந்த ஒரு மத்தியானம்தான் அவன் பெரிய மனுஷன். அதற்காகவே வண்ணாரப்பேட்டையில் துணி எடுத்து வெள்ளைச் சட்டை தைத்து, மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்திருந்தான்.

மலருக்கு விஷயம் தேடுகிற வேலை ஃபர்ஹானுக்கு வந்தது. ஆம்பூர்ப் பையன், வரலாறு எம்.ஏ. இரண்டாம் வருஷம். மாடியில் பூட்டிக் கிடந்த பழைய அறையிலிருந்து கரையான் அரித்த கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து, சமையற்கட்டு வெளிச்சத்தில் அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்து பிரித்துப் படிப்பான். அங்கேதான் அவனுக்கு டீயும் கிடைக்கும்.

பந்திக்கு நாலு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை. எல்சி அரிவாள்மணையில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள்.

"எல்சிக்கா, கிடைச்சிருச்சு!" என்று ஃபர்ஹான் டிரம்மிலிருந்து குதித்தான். "ஆண்ட்ரூ பந்தி எப்படி ஆரம்பிச்சதுன்னு கிடைச்சிருச்சு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலு. கமிட்டிக் கூட்டத்து மினிட்ஸ்!"

"அட, என் ராசா! படி, படி. அஜீசு, அந்தக் கொயாய மூடு."

அஜீசுன்னிசா குழாயை மூடினாள். இங்கிலீஷில் இருந்ததை ஃபர்ஹான் தமிழில் சொல்லிக்கொண்டே போனான். "புதுச் சமையற்காரன் ஆண்ட்ரூ மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவன். அவன் கையால் சமைத்ததை உண்ணச் சில மாணவர்கள் அஞ்சுகிறார்கள். எனவே தினமும் இரவு உணவுக்கு முன், கூடத்தில் எல்லோர் கண்ணெதிரிலும், அவன் எல்லாப் பதார்த்தங்களையும் முதலில் உண்டு காட்டவேண்டும். உடன் அவன் பிள்ளைகளில் ஒருவனும் உண்ணவேண்டும். ஏனெனில் தன்னுயிருக்குத் துணிந்தவனும் பிள்ளைக்கு..."

அவன் நிறுத்திவிட்டான். படிக்கிற வேகத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் என்ன படிக்கிறோம் என்று அவனுக்கே உறைத்தது.

"பிள்ளைக்கு?" என்றாள் எல்சி.

"விடுங்கக்கா."

"படிடா."

"பிள்ளைக்கு விஷம் வைக்க மாட்டான். கால் மணி நேரம் கழித்து அவர்களுக்கு ஏதும் நேரவில்லையென்றால் மாணவர்களுக்குப் பரிமாறலாம்."

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது. எல்சி மீனைக் கீழே வைத்தாள். அவள் மாமனார் மேத்யூ, ஆண்ட்ரூவின் கடைசிப் பிள்ளை. முப்பத்து நாலில் அவருக்கு அஞ்சு வயசு இருந்திருக்கும். அந்தப் பிள்ளையை மேசையில் உட்காரவைத்து, வாயில் சோற்றைப் போட்டு, அறுபது பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். சாகிறதா பார்ப்போம் என்று. 

"இத்த யார்கிட்டயும் சொல்லாத நைனா," என்றாள். "ஹென்றி காதுல வியுந்துச்சுன்னா மனுசன் தாங்க மாட்டான். அஜீசு, உனுக்கும்தான்."

"நான் எதுக்குக்கா சொல்லப்போறேன்," என்றாள் அஜீசுன்னிசா, முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு. வெங்காயம் நறுக்கவில்லை அப்போது.

ரகசியத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு நூற்றிருபது பேருக்குச் சமைக்க முடியுமா? புதன்கிழமை ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். வியாழக்கிழமை சோற்றைக் குழையவிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் நடக்காதது. பையன்கள் வாயைத் திறக்கவில்லை, ஆனால் கூடத்து வாசலில் ஆணியில் தொங்குகிற புகார்ப் புத்தகத்தில் மூன்று பேர் எழுதிவிட்டுப் போனார்கள். வில்மாட் பையன்களுக்கு நேரில் சொல்ல நாக்கு வராது, எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாய் எழுதுவார்கள்.

அன்றைக்கு மத்தியானம் வீட்டுக்குப் போனால், ஹென்றி புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றிருந்தான்.

"இன்னாமே, எப்டி கீது? காலரு கொஞ்சம் பெர்சா கீதா?"

"ஷோக்கா கீது," என்றாள். குரல் உடைந்துவிட்டது.

அவ்வளவுதான். இருபத்தாறு வருஷமாய்க் கூடவே இருக்கிறவன், குரல் தெரியாதா? "இன்னா ஆச்சு? எண்ணூர்ல ஆன்சிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று பதறிக்கொண்டு வந்தான். கட்டிக்கொடுத்த மகளைப் பற்றித்தான் அவன் பயம் எப்போதும் முதலில் ஓடும். அதெல்லாம் இல்லை என்று சொல்லப் போய், இதைச் சொல்லிவிட்டாள். ஒரு வார்த்தை விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

ஹென்றி கட்டிலில் உட்கார்ந்தான்.  பிறகு சட்டைப் பித்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

"நாய்க்குப் போட்டுப் பாப்பாங்களே, அந்த மாரியா?" என்றான்.

"யோவ்..."

"அந்தக் கொயந்த எங்க நைனா, எல்சி. எங்க நைனாவ வெச்சிப் பாத்துகீறாங்க. நானு இத்தினி வருசமா வெள்ளச் சொக்காயப் போட்டுகினு, மீசைய முறுக்கிவுட்டுகினு, அங்கப் போயி குந்திகினு கீறேன். சபையில பல்லக் காட்டிகினு!" சட்டையைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் எறிந்தான். "எவனும் போவத் தேவல. நம்ம வூட்டுலருந்து ஒரு ஈ காக்கா போவக் கூடாது. வூட்டக் காலி பண்ணுன்னு சொன்னாலும் சரி, டோல்கேட் பக்கம் எங்கனா ஒரு ரூமு பாத்துகினு போயிடலாம்."

அன்று அவன் சாப்பிடவில்லை. நெத்திலி வறுவல் என்றால் தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிற மனுஷன், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை வார்டன் சங்கரநாராயணன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். ஃபர்ஹான் குற்ற உணர்ச்சி தாங்காமல் அவரிடம் ஒப்பித்திருந்தான். நல்ல மனிதர், தாவரவியல் பேராசிரியர், செடிக்குக்கூட வலிக்காமல் பேசுகிறவர். நாற்காலியை வேண்டாமென்று சொல்லி நின்றுகொண்டே பேசினார்.

"ஹென்றி, சத்தியமா எனக்கும் இது தெரியாது. கேட்டதிலருந்து மனசே சரியில்ல. மலர்ல இந்தப் பக்கமே வேண்டாம், எடுத்துடுறேன். நாளைக்கு வழக்கம்போல நடக்கட்டும். பசங்களுக்கு இது மரியாதைதானே, அவங்க மனசுல வேற ஒண்ணும் இல்லையே?"

"தெரியாம குந்துனது வேற சார்," என்றான் ஹென்றி. "தெரிஞ்சி குந்துனா அது வேற."

சங்கரநாராயணன், "துணைவேந்தர் வர்றார்..." என்று இழுத்தார்.

"வரட்டும். துன்னுட்டுப் போவட்டும். எல்சி சமைச்சிப் போடுவா, அது அவ வேல. குந்தறது எங்க வேல இல்ல."

வாசற்படியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த எல்சிக்கு மூன்று நாளாக மண்டைக்குள் ஒரு ஈ சுற்றிக்கொண்டிருந்தது. அதை அப்போதுதான் பிடித்தாள்.

"சார், ஒண்ணு கேக்கறேன். துன்னு காட்டுன்னாங்க, சரி. ஒயுங்கா துன்னு காட்டிகீறாரு. தெனம் ராத்திரி. அப்பால எப்பிடி அது வருசத்துக்கு ஒரு தபா ஆச்சு? பரிமாறச் சொல்லி யார் சொன்னது? சாவுதா பாப்போம்னு நின்னவன் எப்பிடி சார் கொயம்பு ஊத்த வந்தான்?"

சங்கரநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியலையேம்மா. மினிட்ஸ்ல அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லேங்கிறான் ஃபர்ஹான்."

"மினிட்ஸ்ல எப்டி சார் இருக்கும்? அது பெரியவங்க எய்தறது," என்றாள் எல்சி. "இந்தப் பசங்க எய்தறது எங்க கீது? சட்னில உப்பு கம்மின்னாலே புக்க எடுத்துகினு எய்தறவனுங்க. சோறு கால் மணி லேட்டு ஆவுது, தெனம். சும்மா இருந்திருப்பானுங்களா?"

வார்டன் அவளையே பார்த்தார். பிறகு சட்டென்று திரும்பி, தன் வயசையும் மறந்து மாடிப்படியை நோக்கி நடந்தார். எல்சி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலேயே போனாள். ஒன்பதாவது படியை இருவரும் தாண்டித்தான் போனார்கள்.

மாடி அறையில் ஃபர்ஹானும் சேர்ந்துகொண்டான். புழுக்கம் என்றால் புழுக்கம், ஆகஸ்ட் வெயில் ஓடு வழியாக இறங்கிக் கழுத்தில் ஒழுகியது. பழைய பாய், உடைந்த கேரம் போர்டு, ஹாக்கிக் கோப்பைகள், பூச்சி செத்த வாசம். எந்த வருஷத்துப் புகார்ப் புத்தகம் எந்த மூலையில் என்று எந்த ஒழுங்கும் இல்லை. எல்சி எழுத்தைப் பார்த்துத் தேடவில்லை. மஞ்சள் கறை, எண்ணெய் விரல், ஆணியில் தொங்கிய ஓட்டை, இதைப் பார்த்துத் தேடினாள். அடுப்படி வாசலில் கிடந்த புத்தகம் தன் ஜாதியைக் காட்டாமல் போகுமா? ஒரு மணி நேரத்தில் பதினொன்றை எடுத்துவிட்டாள். ஏழாவதில் முப்பத்து நாலு இருந்தது.

ஃபர்ஹான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தமிழில் சொல்ல ஆரம்பித்தான்.

"ஜூலை ஒன்பது. சமையற்காரன் ஆண்ட்ரூ ஒரு பிள்ளையோடு வரச் சொன்னால், மனைவி, தாய், தாயின் தங்கை, ஐந்து பிள்ளைகளோடு வந்தான். யார் சாப்பிட்டால் நம்பிக்கை வரும் என்று தனக்குத் தெரியவில்லையாம், அதனால் எல்லோரையும் அழைத்து வந்ததாகச் சொல்கிறான்."

எல்சி வாயில் கையை வைத்தாள்.

"ஜூலை பதினொன்று. சமையற்காரன் மீன் குழம்பை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். விஷம் சட்டியின் அடியில் தங்கியிருக்கலாம், அடி வரைக்கும் பார்த்துவிடுவதுதான் உத்தமம் என்கிறான். எங்களுக்கு மீன் இல்லை."

"ஐயோ, ஐயோ!" என்றாள் எல்சி. வார்டன் குனிந்து சிரிப்பை அடக்கினார். செடிக்கு வலிக்காமல் பேசுகிறவருக்குத் தோள் குலுங்கியது.

"ஜூலை பதினாலு. உணவு ஐம்பது நிமிஷம் தாமதம். சமையற்காரன் சாப்பிட உட்கார்ந்துவிட்டதால் அவனுக்குப் பரிமாற ஆளில்லை. சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிற ஸ்டுவர்டு முடியாது என்று சொல்லிவிட்டார். மற்ற எட்டு இலைக்கும் ஆண்ட்ரூவே எழுந்து எழுந்து பரிமாறினால் விடிந்துவிடும். சீக்கிரம் முடியட்டும் என்று நாங்களே கரண்டியை எடுத்துப் பரிமாறினோம். பசி தாங்கவில்லை."

ஃபர்ஹான் தலை நிமிர்ந்தான். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மருவாதியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல," என்றாள் எல்சி மெதுவாக. "பசி. பசங்களுக்குப் பசி!"

அதற்குக் கீழே சிவப்பு மையில் அந்தக் காலத்து வார்டன் எழுதியிருந்தார்: உண்டு காட்டும் முறை இன்றோடு நிறுத்தப்படுகிறது. மறுநாளே இன்னொரு புகார். நிறுத்தச் சொன்னாலும் சமையற்காரன் நிறுத்த மறுக்கிறான். தன் சாப்பாடு நல்லது என்று எழுதிக் கொடுக்கும் வரை குடும்பத்தோடு வந்து சோதித்துக்கொண்டுதான் இருப்பானாம். அதற்கடுத்த பக்கத்தில் புகாரே இல்லை. "சாப்பாடு நன்றாக இருக்கிறது" என்று ஒரே ஒரு வரி. அதன் கீழே வரிசையாக அறுபத்து மூன்று கையெழுத்து.

"இதுக்குக் கீழ ஏதோ தமிழ்ல இருக்குக்கா," என்றான் ஃபர்ஹான். "நீங்களே படிங்க."

எல்சி படித்தாள். ஒரு தடவை வாய்க்குள், ஒரு தடவை சத்தமாக. பிறகு புத்தகத்தை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். வார்டன் அதை வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லவில்லை.

ஹென்றி சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தான். எல்சி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஒவ்வொரு நாளாகச் சொன்னாள். மூன்று தரம் குழம்பு வாங்கியதைச் சொன்னபோது அவன் தோள் அசைந்தது. அடி வரைக்கும் பார்ப்பது உத்தமம் என்றதைச் சொன்னபோது திரும்பிப் படுத்தான். அறுபத்து மூன்று கையெழுத்தைக் காட்டியபோது எழுந்து உட்கார்ந்து மூக்குக்கண்ணாடி தேடினான்.

"இத்தப் பாரு. உங்க தாத்தா எயுத்து."

கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. ஹென்றி விரலை வைத்துப் படித்தான்.

"சாப்பாடு நல்லாயிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தீர்கள். சந்தோஷம். ஆனாலும் மனுஷன் மறந்துபோகிறவன். ஆகையால் வருஷத்துக்கு ஒரு தரம் நானும் என் வீட்டாரும் வந்து ருசி பார்ப்போம். நீங்கள் பரிமாறவேண்டும். ஆண்ட்ரூ."

ஹென்றி இரண்டாம் தடவை படித்தான். பெயருக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மூக்கு நுனிக்கு வந்தது, துடைக்கவில்லை.

"கெயவன் எமகாதகன்மே," என்றான். "சரியான எமகாதகன்."

அப்புறம் சிரித்தான் பாருங்கள், முட்டி வலிக்கிறவன் முட்டியைத் தட்டித் தட்டிச் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் கட்டிலுக்கடியில் குனிந்து சட்டையை இழுத்தான். "ரொம்பக் கசங்கிகீதா? இஸ்திரி போட்டா சரியாப் பூடுமா?"

"எல்லாம் பூடும், குடு," என்றாள் எல்சி. "இந்தாய்யா, நெத்திலி எடுத்து வெச்சி கீறேன். மொதல்ல துன்னு."

சனிக்கிழமை விடிகிறதுக்கு முன்பே காசிமேட்டிலிருந்து சங்கராவும் நெத்திலியும் கூடை கூடையாக வந்து இறங்கின. எல்சியும் அஜீசுன்னிசாவும் குனிந்த தலை நிமிரவில்லை. பெரிய அண்டாவில் சோறு வடித்தார்கள், கஞ்சி ஆவியில் இரண்டு பேர் முகமும் வெந்தது. புளி கரைத்து, மாங்காய் போட்டு, எல்சி குழம்பு கூட்டினாள். மீன் சாப்பிடாதவர்களுக்குச் சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும். எல்லாம் இறக்கி வைத்துவிட்டு, முகம் கழுவி, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

"நீயும் வா," என்றாள் அஜீசுன்னிசாவிடம்.

"நான் எதுக்குக்கா? நான் ஆண்ட்ரூ வூடு இல்லியே."

"காய் நறுக்குனவ யாரு? உன் கையிலயும் வெசம் இருக்கலாம்ல? வந்து துன்னு காட்டு."

அஜீசுன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தபடி வந்தாள். எண்ணூரிலிருந்து ஆன்சி குழந்தையோடு வந்திருந்தாள். நடு மேசையில் அஞ்சு இலை. வெள்ளைச் சட்டை, முறுக்கிய மீசை, ஹென்றி மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்தான். அவனெதிரில் புகார்ப் புத்தகம், முப்பத்து நாலாம் வருஷத்துப் பக்கம் திறந்தபடி.

துணைவேந்தர் முன்வரிசையில் இருந்தார். மூன்று மணிக்கு இன்னொரு கூட்டமாம். உதவியாளர் அடிக்கொரு தரம் அவர் காதில் குனிந்தார். ஃபர்ஹான் மைக்கில் நின்று மினிட்ஸிலிருந்து அந்தத் தீர்மானத்தை வாசித்தான். குழந்தை பற்றிய வரியையும் விடவில்லை, அது ஹென்றியின் கட்டளை.  பிறகு புகார்களை வாசித்தான். ஜூலை பதினொன்றுக்கு வந்தபோது பின்வரிசையில் ஒருத்தன் அடக்க முடியாமல் வெடித்தான், அதோடு கூடமே சிரித்துக் கலகலத்தது. ஆண்ட்ரூவின் வரிகளை வாசித்து முடித்ததும் யாரும் சொல்லாமலே நூற்றுப் பதினெட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள்.

முதல் கரண்டி சோற்றை வார்டன் சங்கரநாராயணன் எடுத்து வந்தார். வழக்கத்தில் இல்லாதது. எல்சி இலைக்கு முன் குனிந்து போட்டார்.

"பாத்து சார், கை சுட்டுக்கப் போவுது," என்றாள் எல்சி.

குழம்பு வந்தது, வறுவல் வந்தது. ஹென்றி மெல்ல மென்றான். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து இலை ஓரத்தில் அடுக்கினான். ஆன்சியின் குழந்தை அப்பளத்தை நொறுக்கிச் சிரித்தது. அந்த வயசில்தானே மேத்யூவும் இங்கே உட்கார்ந்திருப்பார் என்று எல்சிக்குத் தோன்றியது. முள் நீக்கிய மீனைக் குழந்தையின் வாயில் வைத்தாள்.

முன்வரிசையில் நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. குழம்பு வாசம் கூடம் முழுக்கச் சுற்றுகிறது, மணி ஒன்றரை ஆகப் போகிறது, யாருக்குத்தான் பசிக்காது? உதவியாளர் வார்டனிடம் வந்தார், வார்டன் எல்சியிடம் வந்தார்.

"அம்மா," என்றார் காதோரமாக, "துணைவேந்தருக்குக் கொஞ்சம் அவசரமாம். எவ்வளவு நேரம் ஆகும்னு கேக்கறாங்க."

எல்சி நிமிர்ந்து பார்த்தாள். துணைவேந்தர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பசித்த முகம் எல்லோருக்கும் ஒன்றுதான் போலிருக்கிறது. அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். உட்கார்ந்து முப்பத்தெட்டு நிமிஷம் ஆகியிருந்தது. முப்பத்து நாலில் பையன்கள் காத்திருந்தது ஐம்பது நிமிஷம்.

"இன்னும் பன்னெண்டு நிமிசம் சார்," என்றாள். "ஃபர்ஹான், கொயம்பு கொண்டா நைனா. அடி வரைக்கும் பாத்துடலாம்."